அமில மதிப்பும் வாய்பாடும் ஒத்துவரவில்லையா? குறியைப் பார்த்துப் பிழையைப் பிடியுங்கள்

எண்ணெய்க்கு அமில மதிப்பு பார்ப்பவர்களும், எரித்துக் கிடைத்த சதவீதத்தை வைத்துக் கரிமச் சேர்மத்துக்கு வாய்பாடு போடும் கல்லூரி மாணவர்களும் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "கணக்கைச் சரியாத்தான் போட்டேன், விடை ஏன் இப்படி வருது?" பெரும்பாலும் கணக்கு சரியாகத்தான் இருக்கும். கணக்குக்குள் போன எண்களில் ஒன்றுதான் தவறாக இருக்கும். எது என்று கண்டுபிடிக்க, விடை எப்படித் தவறியிருக்கிறது என்று பார்த்தாலே போதும். பாதியாக வந்தால் ஒரு காரணம், 0.71 மடங்காக வந்தால் வேறொரு காரணம்.

தொடங்கும் முன் இரண்டு சூத்திரங்கள். ஒரு கிராம் மாதிரியில் உள்ள அமிலத்தை நடுநிலையாக்க எத்தனை மில்லிகிராம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு வேண்டுமோ, அதுவே அமில மதிப்பு. ஆய்வகத்தில் சொல்வதுபோல இதைக் கேஓஹெச் என்றே எழுதுகிறேன்.

அமில மதிப்பு = 56.1 × செலவான மி.லி. × நார்மாலிட்டி ÷ மாதிரியின் எடை (கிராம்)

இதில் மி.லி. என்பது மாதிரியை நடுநிலையாக்கச் செலவான காரக் கரைசல், நார்மாலிட்டி அந்தக் கரைசலின் செறிவு, 56.1 கேஓஹெச்சின் மூலக்கூறு எடை. சூத்திரத்தைத் திருப்பிப் போட்டால்:

சமான எடை = 56,100 ÷ அமில மதிப்பு

இரண்டாவதைப் பலர் பயன்படுத்துவதே இல்லை. தூய அமிலம் ஒன்றின் அமில மதிப்பு கையில் இருந்தால், ஒரு கார்பாக்சில் தொகுதிக்கு (அமிலத்தன்மை தரும் அணுக்கூட்டத்துக்கு) எவ்வளவு எடை என்று தெரிந்துவிடும். எரிப்புச் சதவீதம் அணுக்களின் விகிதத்தை மட்டும்தான் சொல்லும். அதனால் இரண்டும் ஒன்றுக்கொன்று சாட்சி. கீழே உள்ள பல குறிகளில் இந்தச் சாட்சியை வைத்துத்தான் பிழையைப் பிடிக்கிறோம்.

வாய்பாடுகளைக் கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் என்ற வரிசையில் வெறும் எண்ணாக எழுதுகிறேன். பென்சாயிக் அமிலம் 7-6-2 என்றால் 7 கார்பன், 6 ஹைட்ரஜன், 2 ஆக்சிஜன்.

குறி: எந்த மாதிரியை எடுத்தாலும் 15 முதல் 18 சதவீதம் கூடுதலாக வருகிறது

கேஓஹெச் வில்லைகளை எடைபோட்டுக் கரைத்து, "5.61 கிராம் போட்டேன், ஒரு லிட்டர், அதனால் 0.1 நார்மல்" என்று பாட்டிலில் எழுதி ஒட்டியிருப்பீர்கள். புதுப் பாட்டிலில் இருக்கும் வில்லையிலேயே ஏறக்குறைய 85 சதவீதம்தான் கேஓஹெச். மீதி பெரும்பாலும் தண்ணீர், கொஞ்சம் கார்பனேட். ஆக உங்கள் கரைசல் உண்மையில் 0.085 நார்மல். நீர்த்துப்போனதால் கூடுதலாகச் செலவாகிறது, நீங்களோ அதை 0.1 என்று பெருக்குகிறீர்கள். 1 ÷ 0.85 = 1.176. அந்த 17.6 சதவீதம்தான் இது.

எனக்கே இது நடந்திருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் கடலை எண்ணெய் லாட் ஒன்றை இப்படிப்பட்ட கரைசலை வைத்துப் பார்த்து "அமிலம் அதிகம்" என்று எழுதிக் கொடுத்தேன், சரக்கு திரும்பிப் போனது. மறுவாரம் கரைசலைத் திட்டப்படுத்தி, அதாவது அதன் உண்மையான செறிவை அளந்து, பார்த்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது.

தீர்வு: பொட்டாசியம் ஹைட்ரஜன் தாலேட்டை உலர்த்தி 0.4084 கிராம் எடுத்துத் தண்ணீரில் கரைத்துத் தரம்பாருங்கள் (டைட்ரேஷன்). சரியான 0.1 நார்மல் என்றால் 20.00 மி.லி. செலவாகும். 23.5 செலவானால் பாட்டிலில் உள்ள எண்ணை அடித்துவிட்டு 0.085 என்று எழுதுங்கள். கரைசலைக் கொட்ட வேண்டியதில்லை, உண்மையான எண் தெரிந்தால் போதும். அப்புறம் பென்சாயிக் அமிலம் 0.2500 கிராமைச் சாராயத்தில் (எத்தனாலில்) கரைத்து ஒருமுறை அமில மதிப்பு பாருங்கள். 459 வர வேண்டும். திட்டப்படுத்தவும் சரிபார்க்கவும் ஒரே பொருளை வைத்துக்கொள்ளாதீர்கள். அப்படிச் செய்தால் தப்பு தன்னையே சரி என்று சொல்லிக்கொள்ளும்.

பிழை 1 சதவீதம் போல மெதுவாக ஆடுகிறது என்றால் வெயிலைச் சந்தேகியுங்கள். சாராயத்தில் கரைத்த கேஓஹெச், 10 டிகிரி சூடேறினால் ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல் விரியும். ஏ.சி. அறையில் திட்டப்படுத்தி மே மாத மதியத்தில் வெளியே வைத்துப் பயன்படுத்தினால் அவ்வளவு தள்ளும். கரைசல் மஞ்சளாகிப் பழுப்பேறியிருந்தால் வேறு யோசனை வேண்டாம், புதிதாகப் போட்டுவிடுங்கள்.

குறி: சுத்திகரித்த எண்ணெயில் மட்டும் விடை கண்டபடி ஆடுகிறது

செக்கு எண்ணெயில் நன்றாக வருகிறது, ரீஃபைண்டு எண்ணெயில் ஒருமுறை 0.3, இன்னொருமுறை 0.7. இதற்கு இரண்டு காரணங்கள், இரண்டும் சேர்ந்தே வரும்.

முதலாவது, மாதிரி போதவில்லை. கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தரத்தின்படி சுத்திகரித்த எண்ணெயின் அமில மதிப்பு 0.6-க்கு மேல் போகக்கூடாது. அந்த எண்ணெயில் 5 கிராம் எடுத்தால் 0.1 நார்மல் கேஓஹெச் அரை மி.லி.தான் செலவாகும். காரத்தை அளந்துவிடும் பியூரெட் குழாயில் ஒரு கோடே 0.1 மி.லி. ஒரு சொட்டு கூடினால் பத்தில் ஒரு பங்கு பிழை. அமில மதிப்பு 1-க்குக் கீழே இருக்கும் என்று தெரிந்தால் 20 கிராம் எடுங்கள். 1 முதல் 4 வரை 10 கிராம், 4 முதல் 15 வரை 2.5 கிராம். சோப்பு எண்ணெய்போல அதற்கும் மேலே போகும் சரக்கென்றால் அரை கிராமே போதும்.

இரண்டாவது, சாராயம் தானே கொஞ்சம் அமிலமாக இருக்கிறது. 50 மி.லி. சாராயத்துக்கே 0.15 மி.லி. கேஓஹெச் போகலாம். கரைப்பானை முதலிலேயே நடுநிலையாக்கிக்கொள்ளுங்கள், அல்லது மாதிரி இல்லாமல் வெற்றுச் சோதனை செய்து, அதில் செலவானதைக் கழியுங்கள். நல்லெண்ணெய் ஒன்றுக்கு நான் குறித்துவைத்த கணக்கைப் பாருங்கள்: எடை 10.02 கிராம், பியூரெட் வாசிப்பு 4.35 மி.லி., வெற்றுச் சோதனை 0.15 மி.லி., கேஓஹெச் 0.0968 நார்மல்.

56.1 × 4.20 × 0.0968 ÷ 10.02 = 2.28

வெற்றுச் சோதனையைக் கழிக்காமல், நார்மாலிட்டியையும் 0.1 என்றே வைத்திருந்தால் 2.44 வந்திருக்கும். கோடெக்ஸ் செக்கு எண்ணெய்க்கு 4.0 வரை இடம் தருவதால் இங்கே பாதிப்பில்லை. 3.9-இல் நிற்கும் எண்ணெயில் இதே பிழை வந்தால் வம்பு.

குறி: எதிர்பார்த்ததில் சரியாகப் பாதி வருகிறது

எண்ணெய் என்றால், நீங்கள் போட்டிருப்பது அமில மதிப்பு அல்ல, தனிக் கொழுப்பு அமிலச் சதவீதம். சூத்திரத்தில் 56.1 இருக்க வேண்டிய இடத்தில் 28.2 இருக்கும். ஓலியிக் அமிலத்தின் மூலக்கூறு எடை 282, அதில் பத்தில் ஒன்று. மேலே சொன்ன நல்லெண்ணெய்க்கே இப்படிப் போட்டால் 1.14 வரும். அதை 1.99-ஆல் பெருக்கினால் அமில மதிப்பு கிடைத்துவிடும்.

தேங்காய் எண்ணெயில்தான் பலர் வழுக்குகிறார்கள். அதற்கு வழக்கமாக லாரிக் அமிலமாகக் கணக்கிடுவார்கள், எண் 20.0. பெருக்கும் காரணி 2.81. பாமாயிலுக்குப் பால்மிட்டிக், 25.6, காரணி 2.19. பழக்கத்தில் எல்லாவற்றையும் இரண்டால் பெருக்கிவிட்டால் தேங்காய் எண்ணெய் இருப்பதைவிட நல்ல எண்ணெயாகத் தெரியும். அறிக்கையில் சதவீதத்தை மட்டும் எழுதாமல், "லாரிக் அமிலமாக" என்று சேர்த்து எழுதுங்கள்.

எண்ணெய் அல்ல, தாலிக் நீரிலி போன்ற, அமிலத்திலிருந்து நீர் நீங்கிய நீரிலிகளைச் சாராயத்தில் கரைத்துப் பார்க்கிறீர்கள் என்றால் பாதி வருவது வேதியியல், கணக்குப் பிழை அல்ல. நீரிலியின் ஒரு பக்கம் சாராயத்தோடு சேர்ந்து எஸ்டராகிவிடும், ஒரு கார்பாக்சில்தான் மிஞ்சும்.

குறி: 0.71 மடங்கு வருகிறது

நான் மிகவும் ரசித்த குழப்பம் இது. ஆக்சாலிக் அமிலத்துக்கு அமில மதிப்பு 1,246 வர வேண்டும் என்று வாய்பாட்டிலிருந்து கணக்கிட்டு வைத்திருந்த மாணவருக்கு, ஆய்வகத்தில் 889 வந்தது. எங்கே பிழை?

சந்தேகத்துக்கு ஆள் இரண்டு. ஒன்று, தரம்பார்த்தது காஸ்டிக் சோடாவால் என்பதால், 56.1-க்குப் பதில் அதன் எடையான 40-ஐப் போட்டிருக்கலாம். 40 ÷ 56.1 = 0.713. அமில மதிப்பின் வரையறையிலேயே கேஓஹெச் இருக்கிறது. எந்தக் காரத்தால் தரம்பார்த்தாலும் 56.1 மாறாது, மாறுவது நார்மாலிட்டி மட்டும்.

மற்றொன்று, பாட்டிலில் இருந்தது படிக நீருள்ள ஆக்சாலிக் அமிலமாக இருக்கலாம். ஆய்வகங்களில் பொதுவாக வாங்குவதே அதைத்தான். மூலக்கூறு எடை 90 அல்ல, 126. 90 ÷ 126 = 0.714.

முதல் தவறில் 888.6, இரண்டாவதில் 890.0. பள்ளிப் பியூரெட் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டவே காட்டாது. அதனால் மூன்றாவது ஒரு சாட்சியைக் கூப்பிட வேண்டும்: படிக நீரே இல்லாத பென்சாயிக் அமிலம். அதே காரம், அதே கணக்கு. 459 வந்தால் உங்கள் கணக்கு சரி, ஆக்சாலிக் பாட்டிலில்தான் தண்ணீர். 328 வந்தால் சூத்திரத்தில் 40 உட்கார்ந்திருக்கிறது. எங்கள் மாணவருக்கு 459 வந்தது. பாட்டிலின் லேபிளைத் திருப்பிப் பார்த்தார், சின்ன எழுத்தில் டைஹைட்ரேட்.

சிட்ரிக் அமிலத்திலும் இது நடக்கும். நீரற்றது என்றால் 876, ஒரு நீர் மூலக்கூறு இருந்தால் 801.

குறி: எண் ஆயிரக்கணக்கில் வருகிறது

1,246 என்ற அந்த எண்ணைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். கார்பாக்சிலிக் அமிலங்களிலேயே மிகச் சிறிய சமான எடை நீரற்ற ஆக்சாலிக் அமிலத்துக்குத்தான், 45. அதற்குமேல் எந்தக் கார்பாக்சிலிக் அமிலமும் போகாது. ஃபார்மிக் 1,219, அசிட்டிக் 934. 56.1-க்குப் பதில் 56,100-ஐப் போட்டு மி.லி.யையும் அப்படியே வைத்திருப்பீர்கள், அல்லது எடையை மில்லிகிராமிலிருந்து மாற்றும்போது புள்ளி நகர்ந்திருக்கும். எண்ணெய் என்றால், அமில மதிப்பு அந்த எண்ணெயின் சோப்பாக்க மதிப்பை (ஒரு கிராமை முழுக்கச் சோப்பாக்கத் தேவையான கேஓஹெச் மில்லிகிராமை) தாண்டவே முடியாது.

குறி: இளஞ்சிவப்பு நிற்கமாட்டேன் என்கிறது

நிறங்காட்டியான பினாப்தலீனின் இளஞ்சிவப்பு 15 முதல் 30 விநாடி நின்றால் முடிவுநிலை என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நிமிடம் கழித்து மறைவது காற்றிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடின் வேலை, அதைத் துரத்திக்கொண்டே சொட்டுவிட்டால் விடை கூடிக்கொண்டேதான் போகும்.

ஆனால் ஐந்து விநாடியில் மறைந்து, சொட்டுவிட்டால் வந்து, மறுபடி மறைந்தால் மூலக்கூறில் எஸ்டர் இருக்கிறதா என்று பாருங்கள். ஆஸ்பிரின் நல்ல எடுத்துக்காட்டு. 9-8-4, ஒரே ஒரு கார்பாக்சில், அமில மதிப்பு 311. சூடாக்கியோ, காரத்தை அதிகம் விட்டுக் காத்திருந்தோ பார்த்தால் எஸ்டர் உடைந்து இன்னொரு பங்கு காரத்தைக் குடிக்கும், 623 நோக்கிப் போகும். குளிர்ந்த சாராயத்தில், தாமதிக்காமல், குடுவையைச் சுழற்றிக்கொண்டே முடித்துவிடுங்கள்.

குடுவை பால்போல் கலங்கினால் தண்ணீர் அதிகம் என்று பொருள். நீரில் கரைத்த காரத்தை விட்டு சாராயக் காரத்துக்கு மாறுங்கள். கறுத்த எண்ணெயில் இளஞ்சிவப்பு தெரியவே தெரியாது. அங்கே ஆல்கலி புளூ 6பி போட்டால் நீலம் சிவப்பாவது தெரியும்.

குறி: வாய்பாட்டில் அரை அணு வருகிறது

இனி வாய்பாட்டுப் பக்கம். கார்பன் 68.85, ஹைட்ரஜன் 4.95, ஆக்சிஜன் 26.20 சதவீதம். அணு எடையால் வகுத்து, சிறியதால் மறுபடி வகுத்தால் 3.5 : 3 : 1. இந்த 3.5-ஐ 4 ஆக்கி 4-3-1 என்று எழுதுபவர்களை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். அதன் எடை 67, இரட்டித்தால் 134. அமில மதிப்பு 459 சொல்வதோ 122. எந்த மடங்கும் பொருந்தவில்லை. சரி, இரண்டால் பெருக்குங்கள்: 7-6-2, எடை 122. பென்சாயிக் அமிலம்.

.5 என்றால் இரண்டால், .33 அல்லது .67 என்றால் மூன்றால், .25 அல்லது .75 என்றால் நான்கால் பெருக்க வேண்டும். வைட்டமின் சி-யில் 1 : 1.33 : 1 வரும். இதை 1-1-1 ஆக்கிவிடுவது அடுத்த வழக்கமான தப்பு. மூன்றால் பெருக்கினால் 3-4-3, எடை 88. அமில மதிப்பு 318.5, சமான எடை 176. ஆக 6-8-6.

கொஞ்சம் நில்லுங்கள். அமில மதிப்பு இருக்கிறது என்பதால் வைட்டமின் சி-யில் கார்பாக்சில் தொகுதி இருக்கிறது என்று எழுதிவிடாதீர்கள். அதில் கார்பாக்சிலே கிடையாது. இரட்டைப் பிணைப்பில் இருக்கும் ஹைட்ராக்சில்தான் ஹைட்ரஜனை விட்டுக்கொடுக்கிறது. பிக்ரிக் அமிலமும் அப்படித்தான். காரம் குடிக்கும் ஹைட்ரஜன் எத்தனை என்பதைத்தான் தரம்பார்த்தல் சொல்லும். அது எந்தத் தொகுதியில் இருக்கிறது என்பது வேறு சோதனை.

குறி: ஹைட்ரஜன் ஒற்றைப்படையில் வருகிறது

கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் மட்டுமே உள்ள சேர்மத்தில் ஹைட்ரஜன் இரட்டைப்படையில்தான் இருக்கும். ஒரு தூளுக்கு விகித வாய்பாடு 3-5-2 வருகிறது, எடை 73. அமில மதிப்பு 768, சமான எடையும் 73. இரண்டும் ஒத்துப்போகிறதே என்று முடித்துவிடத் தோன்றும். ஆனால் ஐந்து ஹைட்ரஜன் கூடாது. இரட்டியுங்கள்: 6-10-4, இரண்டு கார்பாக்சில், அடிபிக் அமிலம். சமான எடை மூலக்கூறு எடை ஆவது காரத்துவம் (காரம் குடிக்கும் ஹைட்ரஜன்களின் எண்ணிக்கை) ஒன்றாக இருந்தால் மட்டும்தான்.

நைட்ரஜனோ குளோரினோ இருந்தால் இந்த விதி மாறும், ஒற்றைப்படையும் வரலாம். அமினோ அமிலங்களில் முடிவுநிலையே மங்கலாக இருக்கும், முதலில் ஃபார்மால்டிஹைடு சேர்த்துவிட்டுத் தரம்பாருங்கள்.

நேர்மாறான குறியும் உண்டு. பென்சாயிக் அமிலத்தைப் பென்சீனில் கரைத்து உறைநிலைத் தாழ்வு பார்த்தால் மூலக்கூறு எடை 242-ஐ ஒட்டி வரும். அமில மதிப்பிலிருந்து கணக்கிட்டால் வருவதோ 122. அமில மதிப்பை நம்புங்கள். பென்சீனில் இரண்டிரண்டு மூலக்கூறுகள் கைகோத்துக்கொண்டு ஒன்றாக நடிக்கின்றன.

குறி: நீளச் சங்கிலி அமிலத்தில் ஒரு கார்பன் காணாமல் போகிறது

ஸ்டியரிக் அமிலம் 18-36-2. உங்கள் எரிப்பில் கார்பன் 75.70, ஹைட்ரஜன் 12.65 வந்தது என்று வைத்துக்கொள்வோம். உண்மையான அளவைவிடக் கார்பன் 0.3, ஹைட்ரஜன் 0.1 குறைவு, நல்ல கருவியிலும் நடக்கும் பிழைதான். ஆக்சிஜனை நாம் நேரடியாக அளப்பதில்லை, 100-இலிருந்து கழித்துப் பெறுகிறோம். அதனால் இரண்டு பிழையும் ஆக்சிஜன் தலையில் விழுகிறது: 11.25 இருக்க வேண்டியது 11.65 ஆகிவிட்டது. பாடப்புத்தக முறைப்படி மிகச் சிறிய எண்ணால், அதாவது இந்தக் கெட்டுப்போன ஆக்சிஜன் எண்ணால், மற்றெல்லாவற்றையும் வகுக்கிறோம். விடை 17.3-34.5-2. 17-34-2 என்று எழுதிவிடுவோம்.

வகுப்பதை விடுங்கள், பெருக்குங்கள். அமில மதிப்பு 197.2 வந்தது, எனவே மூலக்கூறு எடை 284.5.

கார்பன்: 284.5 × 0.7570 ÷ 12.011 = 17.9
ஹைட்ரஜன்: 284.5 × 0.1265 ÷ 1.008 = 35.7
ஆக்சிஜன்: 284.5 × 0.1165 ÷ 16.00 = 2.07

18-36-2 தானாக வந்து நிற்கிறது. பெரிய மூலக்கூறுகளுக்கு நான் எப்போதும் இப்படித்தான் போடுகிறேன். சிறியதால் வகுக்கும் முறை 10 கார்பன் வரை சரி.

ஆனால் இதே ஸ்டியரிக்கையும் ஓலியிக்கையும் பிரிக்க இரண்டு முறையும் தடுமாறும். அமில மதிப்பு 197.2-க்கு எதிரே 198.6, கார்பன் 76.0-க்கு எதிரே 76.5. இரட்டைப் பிணைப்பைக் காட்டும் அயோடின் மதிப்பு பாருங்கள், ஸ்டியரிக்குக்குப் பூஜ்யம், ஓலியிக்குக்கு 90.

குறி: எல்லாம் பொருந்துகிறது, ஆனாலும் சந்தேகமாக இருக்கிறது

கொழுப்பிலிருந்து எடுத்த ஒரு வெள்ளை அமிலம். எரிப்பு 17-34-2 என்கிறது. அமில மதிப்பு 207.4, மூலக்கூறு எடை 270.5, அதுவும் 17-34-2 என்கிறது. இரண்டு சாட்சியும் ஒரே சொல். இதில்தான் 19-ஆம் நூற்றாண்டின் வேதியியலாளர்களே விழுந்தார்கள். கொழுப்பு ஆய்வின் முன்னோடியான பிரெஞ்சுக்காரர் செவ்ரூல், தாம் கண்ட ஒன்றுக்கு மார்காரிக் அமிலம் என்று பெயர் வைத்தார். மார்கரின் என்ற பெயர்கூட அந்த வழியில் வந்ததுதான். 1850-களில் ஜெர்மானியர் ஹைன்ட்ஸ், அது தனி அமிலமே அல்ல, பால்மிட்டிக்கும் ஸ்டியரிக்கும் கலந்த கலவை என்று காட்டினார்.

கணக்கில் ஏன் பிடிபடவில்லை? 16-32-2 ஒன்றும் 18-36-2 ஒன்றும் சரிபாதி மூலக்கூறுகளாகக் கலந்தால் சராசரி 17-34-2. சதவீதம், மூலக்கூறு எடை, அமில மதிப்பு எல்லாமே சராசரியாகி அச்சு அசலாக 17 கார்பன் அமிலம்போலவே காட்டும். எவ்வளவு நுட்பமாக அளந்தாலும் மாறாது.

இங்கே கணக்கை மூடிவைத்துவிட்டுக் குடுவையை எடுக்க வேண்டும். மாதிரியைச் சூடான சாராயத்தில் கரைத்து மெதுவாக ஆறவிடுங்கள். முதலில் விழும் படிகத்தை வடிகட்டி, உலர்த்தி, அதற்குத் தனியாக அமில மதிப்பு பாருங்கள். வடிகட்டிய சாராயத்தை ஆவியாக்கிக் கிடைக்கும் மிச்சத்துக்கும் பாருங்கள். உண்மையிலேயே 17 கார்பன் அமிலமாக இருந்தால் இரண்டிலும் 207 வரும். முதல் படிகத்தில் 207-க்குக் கீழே இறங்கி, மிச்சத்தில் மேலே ஏறினால் கலவை. 16 கார்பன்காரரைவிட 18 கார்பன்காரருக்குச் சாராயத்தில் கரைய மனசில்லை, அவர்தான் முதலில் இறங்குவார்.